சைக்கிள் டியூப் மேலே போன பாடம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் பத்தொன்பது வயது வரை எனக்கு இருந்ததில்லை. அதைப் பழக்கிவிட்டது ஒரு சைக்கிள் டியூப்.

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் காவல். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வெளியே போகிறவர்களின் பை, மடி, சைக்கிள் பம்பு வரை சோதிப்பார்கள். கடையில் பால் டின் வாங்கினால்கூட, யாரும் பதுக்கிவைக்காதபடி அங்கேயே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து, நான் பாடம் நடத்துவதைப் பார்த்து, எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சிரம்பானுக்குத் திரும்பி, அப்பா பார்த்துவைத்த தூரத்துச் சொந்தத்துக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். (நல்ல மனிதர்தான். ஆனால் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.)

'வெப்பத்தால் பொருள்கள் விரியும்' என்ற பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரும்புக் கம்பியில் எடையைத் தொங்கவிட்டுச் சூடாக்கச் சொன்னது புத்தகம். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய்க் கம்பி கேட்டேன்.

"வேலிக்கே பத்தல டீச்சர். இந்த நேரத்துல கம்பி கேட்டா, எதுக்குன்னு கேப்பாங்க லா," என்றவர், பாவம் பார்த்து ஒரு பழைய சைக்கிள் டியூப்பைக் கொடுத்தார்.

எனக்குச் சந்தோஷம். இரும்பே விரியும்போது ரப்பர் எவ்வளவு விரியும்! (முதலில் செய்து பார்த்திருக்கலாம். ஆனால் தெரிந்த விஷயத்தை யார் செய்து பார்ப்பார்கள்?)

இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை, பளபளக்கும் சப்பாத்து. டியூப்பைப் பட்டையாக வெட்டி விட்டத்தில் கட்டி, நுனியில் என் பால் டின்னைத் தொங்கவிட்டிருந்தேன். ஓட்டைகளை மெழுகால் அடைத்தாயிற்று. பக்கத்தில் அடிக்கோல், அதில் டின்னின் அடி நிற்கும் இடத்தில் ஒரு கோடு. மெழுகுவர்த்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, பட்டை நெடுகக் காட்டினேன்.

"பாருங்க பிள்ளைங்களா, டின் கீழ எறங்குது!"

"இல்ல டீச்சர்," என்று எழுந்தாள் மூன்றாம் வகுப்பு பச்சையம்மா. "மேல போவுது."

"நல்லாப் பாரு. கீழதான்."

"மேலதான் டீச்சர். கோட்டத் தாண்டிருச்சு."

தாண்டித்தான் இருந்தது. இழுபட்டிருந்த ரப்பர், சூடு பட்டதும் சுருங்கி டின்னைத் தூக்கிக்கொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகள் பார்த்திருக்க, "உன் கண்ணு சரியில்ல, உக்காரு!" என்றேன். பாவம், என்னை நம்பிவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சூடு போதவில்லை போலும் என்று மெழுகுவர்த்தியை ரப்பரோடு ஒட்டிப் பிடித்தேன். கிட்டே பார்க்கலாம் என்று இன்ஸ்பெக்டரும் எழுந்து வந்தார். கருகிய நாற்றம். பட்டென்று அறுந்தது. டின் நேராக அவர் காலில் விழ, மெழுகு தெறித்து, பால் காலுறைக்குள் இறங்கியது.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பச்சையம்மா இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவ சொன்னதுதான் சரி. மேலதான் போச்சு. ஏன்னு எனக்குத் தெரியல," என்றேன்.

வலியில் ஒற்றைக் காலில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர், "எனக்கும் தெரியலம்மா," என்றார். "இன்னொரு பட்டை இருக்கா?"

டின்னுக்குப் பதில் கல்லைக் கட்டி மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் மேலேதான் போனது. பச்சையம்மாதான் அடிக்கோலைப் படித்துச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டரின் கஷ்டம் அதோடு முடியவில்லை. திரும்பிப் போகும்போது வாசலில் காவல்காரர் குனிந்து அவர் காலுறையை முகர்ந்து, "சூசூ!" என்றார். (மலாயில் பால்.) தோட்டத்திலிருந்து உணவை வெளியே கொண்டுபோவது குற்றம். கிராணி ஓடிப்போய்ச் சாட்சி சொல்லும்வரை, காலுறைகளைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு வெயிலில் நின்றார். அப்படியும் என் வேலையை நிரந்தரமாக்கினார், புண்ணியவான்.

காரணம் பல வருடங்கள் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. ரப்பரை இழுத்தால் அதற்குள் இருக்கும் நீளநீளமான இழைகள் வரிசையில் நிற்குமாம். சூடு பட்டால் துள்ளிக் கலைந்து சுருண்டுகொள்ளப் பார்க்குமாம். ஏனென்றால் வரிசையில் நிற்க ஓரிரு வழிகள்தான், கலைந்து கிடக்க ஆயிரம் வழிகள். (மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு இது உடனே புரியும்.)

இப்போது அம்பாங்கானில் மகளோடு இருக்கிறேன். இன்று மழை வராது, குடை எதற்கு என்று நான் அடித்துச் சொல்லும்போதெல்லாம், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள்:

"சூடாக்கிப் பாத்தீங்களாம்மா?"