பழுதில்லாத மூலை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த உருப்படியான காரியம், 1976-ஆம் ஆண்டு பெரிய காஞ்சிபுரத்தில் ரேடியோ ரிப்பேர்க்காரர் பரசுராமன் ஒரு பலகையில் பதினோரு ஓட்டை போட்டதுதான். தேவைப்பட்டது எட்டுதான் என்பதை வைத்து அவரை எடை போடக் கூடாது. மேதைகள் தாராளமாகத்தான் வெட்டுவார்கள்.

அந்தப் பலகை, அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த ‘மின்சார விளையாட்டுப் பெட்டி’யின் முகப்பு. பல்பு பொருத்திய எட்டு பட்டன்களில் எது எரிகிறதோ அதை உடனே அமுக்கினால் மணி அடிக்கும். கைத்தொழில் பொருட்காட்சியில் இதற்கு ஸ்டால் கிடைத்தால் அவர் விஞ்ஞானி. கிடைக்காவிட்டால் மறுநாளே மைத்துனர் கோதண்டபாணியின் கடையில் புடவை மடிக்கப் போக வேண்டும்.

உபரி ஓட்டைகள் மூன்றும் அவரைப் பார்த்து முழித்தன. தறியில் இருந்த மனைவி ரேணுகாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாத்துக்கு தலையில கைய வச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கிறீங்க? புடவையில தப்பு வுழுந்தா அது மேல ஒரு பூ புட்டா போட்டு மறைச்சிட்றது இல்லியா?”

“அது பட்டும்மா. இது பிளைவுட்டு.”

“பாக்கறவங்க கண்ணு ஒண்ணுதானே?”

பரசுராமன் பித்தளைத் தகட்டில் மூன்று பூ வெட்டி ஓட்டைகள் மேல் ஆணியடித்தார். மூன்றும் திசைக்கொன்றாக நின்று, ‘எங்களுக்கு அடியில் என்னவோ இருக்கிறது’ என்று ஊரைக் கூப்பிட்டன. வரிசை சரியாக வர இன்னும் இருபது பூ வேண்டியிருந்தது. ஆணி இறங்கிய இடமெல்லாம் பலகை விரிசல் விட்டது. விரிசலுக்கு ஒரு குட்டிப் பூ. இப்படி நாற்பத்தொன்று ஆனபோது திறப்பு விழா நாளே வந்துவிட்டது. பெட்டிக்குள் ஒயர் இழுக்க மட்டும் நேரமில்லை. இந்த மாதிரிச் சில்லறை வேலைகளை வரலாறு பொருட்படுத்துவதில்லை.

அன்று காலை, ஸ்டால் ஒதுக்கும் தேர்வுக் கமிட்டி வந்தது. தலைவர் உமாபதி, நெசவாளர் சங்கத்தில் முப்பது வருஷம் புடவைகளில் குற்றம் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். அவர் ஒரே ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தால் தீர்ந்தது கதை. அவர் விரல் பலகை மேல் மெல்ல நகர்ந்தது.

விரல் பட்டன்களைத் தாண்டிப் போயிற்று. உமாபதி லென்ஸை எடுத்துப் பூக்களை எண்ணினார்.

“இன்னாபா, இந்த மூலையில ஒரு புட்டா வுட்டுப் போயிருக்குது?”

பலகையிலேயே பழுதில்லாத இடம் அது ஒன்றுதான்.

“அங்க தப்பு ஒண்ணும் ஆவலீங்கய்யா...” என்று உளறிவிட்டுப் பரசுராமன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“புட்டா இல்லாததே தப்புதான்பா. அடி ஒண்ணு.”

அடித்தார். அந்த மூலையும் விரிசல் விட்டது. கமிட்டி திருப்தியடைந்து, ஸ்டாலோடு ‘குறை ஏதுமற்றது’ என்ற சான்றிதழையும் முதல் பரிசையும் வழங்கியது.

மாலையில் செவிலிமேட்டிலிருந்து வந்த காந்தா என்ற அம்மாள் முதல் ஆளாக டிக்கெட் வாங்கி, எட்டு பட்டனையும் அமுக்கினாள். பிறகு குத்தினாள்.

“இன்னாயா இது? பல்பும் எரியல, மணியும் அடிக்கல!”

கூட்டம் கூடிவிட்டது. பரசுராமனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “உள்ள ஒயரே இல்லீங்கம்மா” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பொருட்காட்சியில் அன்று பேசப்பட்ட ஒரே உண்மை அது. அதைக் கேட்டுக் கமிட்டி பதறி ஓடி வந்தது.

“அவர் கெடக்கிறார்மா. நாங்க பாத்து சர்டிபிகேட் குடுத்திருக்கிறோம். நல்லா இருக்குது பெட்டி” என்றார் உமாபதி.

“அப்ப நீயே அமுக்கிக் காட்டு!”

கமிட்டி ஸ்டாலுக்குப் பின்னால் ‘அவசரக் கூட்டம்’ கூட்டியது. ஐந்தே நிமிடத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறி, தலைவர் கையெழுத்தோடு ஓர் அட்டை பெட்டி மேல் தொங்கியது: ‘பட்டன்களைத் தொடக் கூடாது.’

“தொடாம எப்படியா ஆடறது?” என்றாள் காந்தா.

“தள்ளி நின்னு பாரும்மா. பரிசு வாங்கின பெட்டி!”

பாவம் பரசுராமன், ஒரு மாதம் பாடுபட்டு மூன்று ஓட்டையைத்தான் மறைத்தார். கமிட்டி ஒரே கையெழுத்தில் பெட்டியையே மறைத்துவிட்டது.