நாலாம் பெல்ட்டுப் பேய்

1996 ஆனியில் மதுக்கரைப் பக்கத்து எங்கள் சுண்ணாம்புக்கல் ஆலைக்கு வந்த கூட்டம் தேர்த் திருவிழாவுக்குக்கூட வந்ததில்லை. எல்லோரும் கரண்டு சாமியைப் பார்க்க வந்தவர்கள். சாமி இயந்திரப் பேய்களை மட்டுமே ஓட்டுவார். மனிதரைப் பிடித்த பேய்களில் போட்டி அதிகமாம்.

எங்கள் பேய், கல்லைச் சுமந்து ஓடும் நாலாம் பெல்ட்டில் இருந்தது. சுவிட்சை அணைத்தாலும் பெல்ட் நிற்காது. சாமி கன்ட்ரோல் பேனல் கதவில் ஓங்கித் தேங்காய் உடைத்தார். நின்றது! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பதினாறு வருஷ எலக்ட்ரீஷியனான நானும்தான், சற்றுப் பலமாகவே.

மூன்றாம் நாள் மறுபடி அதே கதை. மறுபடி தேங்காய். கதவு நெளிந்தது, பேய்க்குக் கீறல்கூட இல்லை.

கடைசியில் சாமி காரணம் கண்டுபிடித்தார். அந்த பெல்ட்டில் கல் பொறுக்கும் பழனியாத்தாள், போன வருஷம் புருஷனை இழந்தவள்.

"செத்தவன் இவளை உட்டுப் போகமாட்டீங்கறான். இவ கேட்டைத் தாண்டுனாத்தான் அவனும் தாண்டுவான்."

முதலாளி திருமலைசாமி நல்லவர். நல்லவர்கள் சீக்கிரம் பயந்துவிடுவார்கள். "நாளைல இருந்து வேலைக்கு வேண்டாம் அம்மணி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வேறு வருமானம் இல்லை. அழாமல் என்னிடம் வந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"காளிச்சாமியண்ணா, எங்க ஊட்டு டியூப்லைட்டு எரியலீன்னா பக்கத்து ஊட்டுல மாட்டிப் பாப்பமுங்க. அங்கயும் எரியலீன்னா டியூப்தான் போச்சு. இந்தப் பொட்டிக்குள்ள அப்படி மாத்திப் பாக்க ஒண்ணுமில்லீங்களா?"

இருந்தது. ரிலே. 'ஓடு', 'நில்' என்ற கட்டளையை மோட்டாருக்குக் கடத்தும் தீப்பெட்டி அளவுச் சாமான். பெல்ட்டுக்கு ஒன்று, எல்லாம் ஒரே அச்சு. கரண்டை நிறுத்தி, நாலையும் ஐந்தையும் இடம் மாற்றிச் செருகினேன். சாமியிடம் மூச்சு விடவில்லை.

சாமி வந்து நாலாம் பெல்ட்டுக்குக் கற்பூரம் ஏற்றினார். பெல்ட்டை ஓட்டி, சுவிட்சை அணைத்தேன். சமர்த்தாக நின்றது.

"சாமி, தேங்காயே இன்னும் உடைக்கலீங்களே. நானும் இங்கதான நிக்கறேன்" என்றாள் பழனியாத்தாள்.

ஐந்தை ஓட்டினேன். அது நிற்கவில்லை.

"அஞ்சுக்குத் தாவிருச்சு!" என்று அலறினார் சாமி.

"அண்ணா, திருப்பி மாட்டுங்க. எப்படித் தாவுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

எல்லோர் கண்முன்னாலும் மாற்றினேன். பேய் நாலுக்கு வந்தது. மாற்றினேன். ஐந்துக்குப் போனது.

"ஏப்பா, பேயி உன் கையப் புடிச்சுட்டே வருது?" என்றார் முதலாளி.

ரிலேயைக் கழற்றிப் பிரித்துச் சாமியின் முன் நீட்டினேன். கருகியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு வாய் நிற்கவில்லை. "காண்டாக்ட் ஒட்டியிருக்குது. தட்டுனா உட்டுப்போகும், மறுபடி ஒட்டிக்கும்..."

"சாமிக்கு எப்படீங்க தெரியும்?" என்றாள் அவள்.

"முன்னால... மோட்டார் ரீவைண்டிங் கடைல இருந்தேனுங்க."

சாமியின் வாயில் மரியாதைக்கான முதல் 'ங்க' அன்றுதான் வந்தது. அடுத்த பஸ்ஸில் பேயோடு அவரும் போனார்.

"நாளைக்கு வந்துரு அம்மணி" என்றார் முதலாளி.

"நாளைக்கென்னங்க, ஷிப்ட்டு இன்னும் முடியலீங்களே" என்று பெல்ட்டுக்குப் போனாள்.

புது ரிலே அன்றே மாட்டிவிட்டேன். ஆனால் சாமான் கெட்டதா என்று பார்க்குமுன் தாலி இருக்கிறதா என்று பார்த்தோமே, நான் உட்பட, எங்களுக்குக் கெட்டிருந்தது கழுத்துக்கு மேலே இருப்பது. காந்திபுரத்தில் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் அதற்கு ஸ்பேர் இல்லை. இருப்பதைத்தான் ஓட்டிப் பழக வேண்டும்.