இத்தாலிக்காரர் உட்கார்ந்த சஹன்

உணவு அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு பாஷை தெரியும் என்று சொல்பவனை நம்பி யாரும் விருந்து வைக்கக்கூடாது. பட்டவன் சொல்கிறேன். அப்படிச் சொன்னவனும் நானேதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் கல்முனையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியார். நெல் ஆலை முதலாளி ஒருவர் தன் மகளுக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு சொல்லவில்லை. (நானாகவே 'மாமா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அவர் தடுக்கவில்லை, ஏற்கவுமில்லை.) அப்போது ஆலைக்குப் புது எந்திரம் பூட்ட ஓர் இத்தாலிக்காரர் வந்தார். அவருக்கு விருந்து கொடுக்க மாமா ஆசைப்பட்டார். ஆனால் வந்தவருக்கு இங்கிலீஷ்கூடத் தெரியாது. "எனக்கு இத்தாலி பாஷை கொஞ்சம் வரும் மாமா" என்று சொல்லிவிட்டேன். வராது. கொழும்பில் வாங்கிய பிரயாணிகள் கைநூல் ஒன்று வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மாலை நேரங்களில் கடற்கரையில் நின்று காகங்களுக்கு இத்தாலியில் உபசாரம் செய்தேன். என் கவலையெல்லாம் நம்முடைய ஹலால் ஹராம் பற்றித்தான். 'நோன் மன்ஜாமோ மயாலெ', பன்றி சாப்பிடமாட்டோம். 'சென்ஸா வீனோ', வைன் இல்லாமல். 'கப்ரா', ஆடு. அந்த மனிதருக்கும் ஏதாவது விலக்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு விருந்து. எல்லாரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய தட்டுதான் சஹன்; நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் குவித்த அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். விருந்தாளி கை வைத்தால்தான் மற்றவர்கள் வைக்கலாம். அவர் வைக்கவில்லை. மிகப் பணிவாக, "கார்னெ, நோ. வெனெர்தி" என்றார்.

கார்னெ என்றால் இறைச்சி, படித்திருந்தேன். வெனெர்தி என் அத்தியாயத்தில் இல்லை.

"என்னவாம் மாஸ்டர்?" என்றார் மாமா.

"பன்றியாக்கும் எண்டு பயப்படுறார் மாமா. வெனெர்தி எண்டது ஒருசாதிப் பன்றியாயிரிக்கும்."

விருந்தாளியிடம் திரும்பி, "மயாலெ நோ. தூத்தோ கப்ரா" என்றேன். பன்றி இல்லை, எல்லாம் ஆடு. அவர் முகம் இன்னும் வாடியது. ஆதாரத்துக்கு ஒரு தொடை எலும்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மாமாவின் தம்பி சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நம்மட ஊட்டுச் சோத்துல என்ன குறை கண்டார்?" என்று மாமா கேட்டபோது, என் கல்யாணம் பந்தியை விட்டு எழும்பிப் போவது எனக்குத் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பெண் பேசிய நாளிலிருந்து நான் கேட்க ஏங்கிய குரல், மாமாவின் மகளுடையது.

"வாப்பா, இண்டைக்கி வெள்ளிக்கிழமை. வேதக்காரர் வெள்ளியில இறைச்சி தின்னமாட்டாங்க. எங்கட பள்ளிக்கூடச் சிஸ்டர்மாரும் அப்பிடித்தான். உம்மா மீன் பொரிக்கிறா, கொஞ்சம் இரிக்கச் சொல்லுங்க."

மீன் வந்தது. இத்தாலிக்காரர் திரையைப் பார்த்துத் தலை வணங்கிவிட்டுச் சாப்பிட்டார். மற்றவர்கள் சஹனில் பாய்ந்தார்கள். மாமா மட்டும் என் தலையிலிருந்த தொழுகைத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஜும்ஆத் தொழுதுட்டுத்தானே வாறீங்க மாஸ்டர்?"

"ஓம் மாமா."

"பிறகும் என்ன கிழமையெண்டு தெரியல்லையா?"

அப்படியும் கல்யாணம் நடந்தது. எதைக் கண்டு சம்மதித்தாய் என்று மனைவியிடம் கேட்டால், "ஆராவது பக்கத்துல இரிந்து உங்களுக்குக் கிழமை சொல்லணுமே" என்பாள்.

இன்றும் வெள்ளிக்கிழமைகளில் எல்லாருக்கும் இறைச்சிக் கறி வைத்துவிட்டு, என் முன்னால் மட்டும் பொரித்த மீனை வைக்கிறாள். "கார்னெ, நோ" என்பாள். ஏன் என்று கேட்க நான் வாய் திறப்பதற்குள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் "வெனெர்தி" என்று முடித்துவிடுவார்கள்.