ஆணழகனின் முதுகு

ஒரு காட்டில், புலியே ஓரமாக ஒதுங்கி வழிவிடும் அளவுக்குக் கட்டுமஸ்தான காட்டெருமை ஒன்று இருந்தது. பெயர் வேலாயுதம். மார்பு, தோள், தொடை எதிலும் குறை சொல்ல முடியாது. முதுகில்தான் வம்பு. தோளிலிருந்து இடுப்புவரை பரு. சிவந்ததும் சீழ் கட்டியதுமாக, மரத்தில் சாய்ந்தால்கூட உயிர் போனது.

அந்த ஆண்டு ஆணழகன் போட்டியில் ஜெயிப்பவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏரிக் காவலர் வேலை என்று அறிவித்திருந்தார்கள். சாகும்வரை புல்லுக்கும் தண்ணீருக்கும் கவலையில்லாத அரசாங்க உத்தியோகம். வேலாயுதத்துக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. படிப்பு ஏறவில்லை, வயது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. போட்டியிலோ முதுகைத் திருப்பிக் காட்டியே ஆக வேண்டும்.

உடற்பயிற்சிக்கூட மாஸ்டர் நரியிடம் போய் நின்றது.

"மாஸ்டர், முதுகெல்லாம் பருவா வருது."

"வரட்டும்டா. உடம்பு ஏறுறப்ப சூடு வெளிய வரத்தான் செய்யும். பனியனைத் துவைச்சியா?"

"இல்ல மாஸ்டர்."

"துவைச்சுடாத. ஏத்தின உடம்பு தண்ணியோட போயிடும்."

அது அந்தக் கூடத்தின் சட்டம். பயிற்சி தொடங்கிய நாளில் போட்ட பனியனைப் போட்டி முடியும்வரை துவைக்கக் கூடாது. நரி மட்டும் தினமும் சலவைச் சட்டையில் வரும். ஏன் என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் மூளையில் சதை ஏறியிருக்கவில்லை.

வேலாயுதத்தின் முதுகில் உண்ணி பொறுக்கிப் பிழைக்கும் மைனா ஒருநாள் மூச்சை அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, இது சூடு இல்ல. வேர்வையும் அழுக்கும் அந்தப் பனியனுக்குள்ள புழுங்குது. பயிற்சி முடிஞ்ச உடனே குளிங்க. துவைச்ச பருத்தி பனியனா போடுங்க. பருவுக்குன்னு விக்கிற சோப்பைப் பூசி, கொஞ்சம் ஊறவிட்டுக் கழுவுங்க. தேய்ச்சு உரிச்சுடாதீங்க. வாரக்கணக்கில பொறுக்கணும். அதுக்கும் அடங்கலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க."

"நீயே கொத்தி எடுத்துடேன்மா."

"எனக்கும் நாக்கு ஊறத்தான் செய்யுது. கொத்தினா தழும்பாயிடும்ணே" என்று மைனா கண்ணை மூடிக்கொண்டது.

வேலாயுதம் பயந்துகொண்டே பனியனைத் துவைத்தது. துவைத்த தண்ணீரில் தன் புஜம் எங்காவது மிதக்கிறதா என்று எட்டியும் பார்த்தது. ஒன்றும் மிதக்கவில்லை. முதுகு மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு மாலை பாறையில் சாய்ந்து பார்த்தது. வலிக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

போட்டிக்கு யானை நடுவர். வேலாயுதம் மேடையேறி முதுகைத் திருப்பியது. எண்ணெய் பூசிய கருங்கல் மாதிரி மின்னியது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தது. அடுத்து, அதே கூடத்தில் பனியனைத் துவைக்காமலே பயிற்சி எடுத்த காட்டுப்பன்றி பரு வெடித்த முதுகைத் திருப்பியதும் முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போனது.

யானை மட்டும் எழுந்து நின்று துதிக்கையை உயர்த்தியது.

"இந்த முதுகைப் பாருங்கய்யா. எப்படி உழைச்சிருந்தா இப்படி வெடிச்சிருக்கும். அந்த எருமை சோப்பு வாசனையோட வந்து நிக்குது. குளிக்க நேரம் இருக்கிறவன் எங்க உழைச்சிருக்கப் போறான்?"

"ஐயா, நானும் உழைச்சேன்" என்றது வேலாயுதம்.

"உழைச்சதுக்கு அடையாளம் எங்கப்பா?"

வேலாயுதத்திடம் காட்டுவதற்கு ஒரு பருகூட இல்லை.

பன்றி வேலையில் சேர்ந்தது. சேர்ந்த அன்றே ஏரிக்கரையில் பலகை வைத்தது: 'இங்கே குளிக்கக் கூடாது.'

நீதி: உழைத்தால் மட்டும் போதாது, மேலதிகாரி பார்க்கும்வரை குளிக்காமலும் இருக்க வேண்டும்.