வல்லத்துக் கிணற்றில் கடல் பாடம்

நீந்தத் தெரிந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. திருக்காட்டுப்பள்ளியில் பிறந்து, காவிரிப் பாலத்திலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவனுக்கு அறவே முடியாது. இருபத்து மூன்று வயதில் நான் அந்த ரகம்.

எங்கள் ஊர்ப் பையன்களிடம் ஒரு போட்டி உண்டு. ஆற்றில் முங்கி மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். கரையில் இருப்பவன் எண்ணுவான். நூற்றுப் பத்து வரை கிடந்தவன் நான். பி.காமில் நான் வாங்கிய மார்க்கை வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. நூற்றுப் பத்தை மட்டும் தெருவே ஞாபகம் வைத்திருந்தது. (எண்ணியவன் என் சித்தப்பா பையன் என்பதையும், அவன் எண்பதுக்கு அப்புறம் நேரே நூறுக்குத் தாவுகிறவன் என்பதையும் யாரும் கிளறவில்லை.)

அப்போது ஊரே வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் சந்தேகமாக இருந்த வருஷம். என்னோடு படித்தவர்கள் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வந்து, மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சென்ட் வாசனையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்று தும்மினேன்.

அம்மாவின் தம்பி லூர்து மாமாதான் சேதி கொண்டுவந்தார். ஏதோ ஒரு தீவு ரிசார்ட்டில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்களாம். உதவிக்கு இரண்டு பேர் வேண்டுமாம்.

"நீச்சல் தெரிஞ்சா போதுமாம்டா. நீ பொறந்ததே இதுக்குத்தான்" என்றார்.

தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் நீச்சல்குளத்தில் டெஸ்ட் என்றார்கள். ஓட்டல்காரர் கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டார். ஆள் எடுக்க வந்த ஏஜென்ட் சளைக்காமல் வல்லத்தில் இருந்த தன் மச்சானின் தோட்டத்துக் கிணற்றுக்கு எங்களை அழைத்துப் போனார். அகலமான செம்பாறைக் கிணறு, இருபதடித் தண்ணீர். கிணற்றைச் சுற்றி மாமாவும், அவரோடு வந்த எங்கள் ஊர்க்காரர்களும் உட்பட முப்பது பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

ஆறு பேர் வந்திருந்தோம். எனக்கு ஜோடியாக விழுந்தவன் செல்வமணி. நாகப்பட்டினம் பக்கம் மீனவக் குப்பத்துப் பையன், என் வயசுதான். அப்பாவின் படகு புயலில் உடைந்து, இந்த வேலையை நம்பித்தான் வீடு இருக்கிறது என்று வரும் வழியில் பஸ்ஸில் சொல்லியிருந்தான். நான் அவனிடம் நூற்றுப் பத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

பயிற்சி கொடுக்க வந்தவர் தூத்துக்குடிக்காரர். மாஸ்டர் என்று கூப்பிட்டோம். முதல் பாடமே எனக்குப் பிடிக்கவில்லை.

"தண்ணிக்குள்ள ஒரு நொடி கூட மூச்ச அடக்கக் கூடாது. இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும். மூச்ச அடக்கிக்கிட்டு மேல வந்தா, உள்ள இருக்கற காத்து விரிஞ்சு நுரையீரல் கிழிஞ்சுரும். காது அடைச்சா மூக்கப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஊதுங்க. வலிச்சா அதுக்கு மேல இறங்காதீங்க. என்ன ஆனாலும் மேல பாயக் கூடாது."

செல்வமணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். ஊதுவது எப்படி என்று இரண்டு தடவை சந்தேகம் வேறு.

"என்னப்பா, கடல்காரனுக்கே பயமா?" என்றேன்.

"பயப்படாதவங்கல்லாம் எங்க தெருவுல போட்டோவுலதாங்க இருக்காங்க" என்றான்.

நான் சிரித்தேன். அது ஜோக் என்று நினைத்துக்கொண்டேன்.

முதுகில் சிலிண்டரும், இடுப்பில் ஈயக்கட்டிகளும், வாயில் காற்றுக் குழாயுமாக, உழவுக்குப் பூட்டிய மாடு மாதிரி இறங்கினேன். மாஸ்டர் டார்ச்சோடு முன்னால் போனார். பாதி ஆழத்தில் காதுக்குள் யாரோ கடப்பாரையை விட்டார்கள். மூக்கைப் பிடித்து ஊதியிருக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குபவனை எங்கள் ஊரில் பயந்தாங்கொள்ளி என்போம். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். தரையில் கால் பட்டதும் சேறு கிளம்பிக் கண்ணை மறைத்தது. தண்ணீருக்குள் பயம் வந்தால் காவிரிக்காரன் என்ன செய்வான்? மூச்சை அடக்குவான். அடக்கினேன்.

பத்து எண்ணவில்லை. நெஞ்சு வெடிக்கும்போல் ஆகிவிட்டது. முதுகில் ஒரு சிலிண்டர் நிறையக் காற்று இருப்பதே மறந்து, குழாயை நானே துப்பிவிட்டு மேலே பாய்ந்தேன்.

ஒரு கை என் காலைப் பிடித்தது. செல்வமணி. என்னைக் கீழே இழுத்து, மிதந்துகொண்டிருந்த குழாயைத் தேடிப் பிடித்து என் வாயில் திணித்து, நான் மூச்சு விடும் வரை என் வயிற்றில் தட்டிக்கொண்டே இருந்தான். அந்த நேரத்தில்தான் மாஸ்டரின் டார்ச் எங்கள் மேல் விழுந்தது. அவர் பார்த்தது, என் வாயருகே செல்வமணியின் கையை.

மெதுவாக மேலே கொண்டுவந்தார்கள். நான் படிக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கால விடுடா! கால விடுடா!" என்று அலறினேன். செல்வமணி அதற்குள் கரையேறி என் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். என் கால், இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய என்னுடைய ஈயக்கட்டி பெல்ட்டிலேயே மாட்டியிருந்தது. முப்பது பேரும் கிணறு அதிரச் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இவன்தான் சார் என் குழாயப் புடுங்கினான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. மாஸ்டர் அவனைப் பார்த்தார். "கை வச்சியா?"

"வச்சேன் சார். திருப்பி வாயில குடுக்கத்தான்…"

"நான் நூத்திப் பத்து எண்ணுற வரைக்கும் முங்கறவன் சார். நானா துப்புவேன்?" என்றேன். சுற்றி நின்றவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மாஸ்டர், "பயந்து மேல பாயறவனும் வேண்டாம், அடுத்தவன் குழாயில கை வைக்கறவனும் வேண்டாம்" என்று சொல்லி, வேறு இரண்டு பேரை எடுத்துக்கொண்டார். செல்வமணி ஈரத் துணியைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். அதே பஸ்ஸில் ஏற எனக்குத் துணிச்சல் இல்லை.

அடுத்த வருஷம் நான் குவைத்துக்குப் போய்க் கணக்கெழுதி, கல்யாணம் செய்து, தொப்பையோடு ஊர் திரும்பினேன். மாமா புண்ணியத்தில் கதை குடும்பத்தில் நிலைத்துவிட்டது. என்னை ஏதாவது ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் போதும், மகள் "கால விடுடா!" என்று கத்துவாள். கதையில் ஒரு வில்லனும் உண்டு, நாகப்பட்டினத்துப் பாவி.

போன வருஷம் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் விருந்துக்கு மீன் சொல்லியிருந்தோம். வண்டியில் கொண்டுவந்து இறக்கியவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முடி நரைத்திருந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது. நாகப்பட்டினம் என்று எழுதிய யாரோ ஒரு முதலாளியின் வண்டி அது.

"நாகப்பட்டினமாங்க?" என்று என் மனைவி ஆரம்பித்தாள். "உங்க ஊர்க்காரன் ஒருத்தன் இவரைக் கிணத்துல கொல்லப் பாத்தாங்க. வாயில இருந்த குழாயப் புடுங்கிட்டானாம்." கதை முழுவதையும் சொன்னாள். மகள் உரிய இடத்தில் கத்தினாள்.

அவர் வஞ்சிரத்தைத் தராசில் வைத்தபடி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன்.

"தலைய தனியா வைங்க" என்றேன்.

"சரிங்க" என்றார் அவர். பிறகு என் மனைவியிடம், "அப்படியும் ஆளுங்க இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் செதில் சீவத் தொடங்கினார்.