ஐந்தாம் எண் பூட்டு

கோட்டையையும் கதவையும் தானே செய்துகொண்டு, பூட்டை மட்டும் அயலாரிடம் வாங்கிக்கொண்ட ஒரு நாடு இருந்தது. மூலபுரி என்று பெயர். பூட்டு, விளக்கு, கிணற்று உருளை எல்லாம் கடலுக்கு அப்பாலிருந்து வந்தன. அவற்றைச் செய்தவர்கள் மூலபுரியின் குடிகளும் அல்லர், மன்னரின் கூலியாட்களும் அல்லர். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளூரில் ஒரு காப்பாளர் இருந்தார். வந்த பொருளை மூலபுரிக்குப் பொருந்துமாறு அராவி, அதன் மேல் அது எத்தனையாவது வகை என்னும் எண்ணையும் எண்ணுக்குக் கீழே தன் பெயரையும் பொறிப்பது அவர் வேலை. பழுது என்று செய்தவர் சொல்லியனுப்பினால், புதியதை வரவழைத்து வீடு வீடாக மாற்றுவதும் அவர்தான். மக்கள் எண்ணையும் பெயரையும் பார்ப்பார்கள். பூட்டின் உள்ளே பார்ப்பதில்லை.

பூட்டுக் காப்பாளர் உடையப்பனுக்கு ஒருநாள் கப்பலில் சேதி வந்தது. நான்காம் எண் பூட்டு வளைந்த கொண்டை ஊசிக்கே திறந்துகொள்கிறது. ஐந்தாம் எண் அனுப்பியிருக்கிறோம், உடனே மாற்றுங்கள். இதே சேதியை எல்லாத் துறைமுகங்களிலும் அறிவித்திருந்தார்கள். அதாவது, திருடர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஊர் முழுக்க நான்காம் எண் பூட்டுதான். தனியாக வசிக்கும் தங்கை செங்கமலத்தின் கதவுதான் உடையப்பனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

அமைச்சர் பேரருளாளரிடம் ஓடினார்.

"மன்னரின் முடிசூட்டு ஆண்டு விழா முடியும்வரை எதுவும் மாறக் கூடாது என்பது அரசாணை" என்றார் அமைச்சர். "மாற்றினால், முன்பு குறை இருந்ததாகப் பொருள்படும். இந்த ஆட்சியில் குறை ஏது?"

கப்பலில் வந்த ஐந்தாம் எண் பூட்டுப் பெட்டிகள் பாதுகாப்புக்காக அரண்மனைக்குப் போயின.

சந்தையில் முணுமுணுப்பு கிளம்பியதும் மக்களின் அச்சம் போக்க அடுத்த ஆணை வந்தது: இருக்கிற பூட்டுகளிலேயே ஐந்து என்று பொறிக்க வேண்டும். உடையப்பன் தயங்கினார். பழுதைப் பற்றி வாய் திறப்பவன் திருடனுக்குத் துணை என்று அமைச்சர் நிதானமாக நினைவூட்டினார். விளக்குக் காப்பாளர் ஒருமுறை வாய் திறந்தார். அவர் பெயரை எல்லா விளக்குகளிலிருந்தும் அராவி எடுத்தார்கள். அதன்பிறகு அவரையும் யாரும் பார்க்கவில்லை. உடையப்பன் உளியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். பூட்டைப் பார்க்காமலே பொறித்ததில் பல ஐந்துகள் கோணலாக விழுந்தன.

மூன்றாவது ஆணையில் அரசு இன்னும் தெளிவாக இருந்தது. ஐந்தாம் எண் இருக்கும் கதவுக்குக் குறுக்குக்கட்டை போடுவது அரசை அவமதிப்பதாகும். கட்டைகளை விழாச் சமையலுக்கு விறகாகக் கொடுத்துவிட வேண்டும். செங்கமலம் முதல் ஆளாகக் கொடுத்தாள்.

"ஏம்மா குடுத்தே?" என்று கேட்டார் உடையப்பன்.

"உன் பேரு போட்டிருக்கே அண்ணே. அதுக்கு மேல கட்டை எதுக்கு?"

பக்கத்தில் காவலன் நின்றான். நல்ல பூட்டுதான் என்று சொல்லிவிட்டு வந்தார் உடையப்பன்.

விழாவுக்கு முந்தைய நாள் அரண்மனைப் பூட்டுகளுக்கு எண்ணெய் விட அழைத்தார்கள். அமைச்சரின் அறைப் பூட்டில் நான்கு என்று இருந்தது. சாவியைத் திருப்பியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது: இது ஐந்தாம் எண் பூட்டு. மன்னரின் அறையிலும் அப்படியே. ஊரில் பழைய பூட்டுக்குப் புது எண், இங்கே புதுப் பூட்டுக்குப் பழைய எண்.

"எளிமை" என்றார், பின்னால் வந்து நின்ற அமைச்சர். "குடிகளுக்குப் புதியதைக் கொடுத்துவிட்டு நாங்கள் பழையதோடு வாழ்கிறோம். நாளை இதை மேடையில் சொல்லவிருக்கிறோம். உமக்கு ஏதேனும் சொல்ல இருக்கிறதா?"

உடையப்பன் இல்லை என்றார்.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், வாசற்படியில் உட்கார்ந்து கதவில் முதுகை அழுத்திச் சாய்ந்துகொண்டார்.

"உள்ள வாயேன் அண்ணே."

"இங்க காத்து நல்லா வருதும்மா."

காற்றே இல்லை. செங்கமலம் அவர் முகத்தைப் பார்த்தாள். பூட்டிலிருந்த கோணல் ஐந்தை விரலால் தடவினாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கதவில் முதுகைக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் இருவரையும் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தன் வாசலில் உட்கார்ந்தார். பிறகு அடுத்த வீடு. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது. யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

பறையறைவோன் வந்தான். கதவடைத்து உள்ளே முடங்கிய காலம் ஒழிந்து, மன்னரின் ஆட்சியில் குடிகள் அச்சமின்றி வாசலில் அமர்ந்திருப்பதை அறிவித்தான்.

கதவிலிருந்து முதுகை எடுக்காமல் எல்லோரும் கை தட்டினார்கள்.