தலையில்லாமல் நடக்கும் ஆமை அண்ணை

லண்டனில் தலையில்லாமல் நடமாடும் ஒரே தமிழர் எங்கள் சவுத்தால் பகுதி ஆமை அண்ணைதான். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுவார். அப்போது தலை இருக்கும். ஞாயிறு காலைகளில் மட்டும் மேலே கவிழ்த்த வள்ளம், கீழே இரண்டு கால்கள்.

அது ஒருவர் மட்டும் இருந்து துடுப்பு வலிக்கும் பழைய பைபர் வள்ளம். ஓட்டை அடைக்க அடைக்கப் பாரம் கூடி, கன்றுக்குட்டி அளவுக்கு வந்திருந்தது. கால்வாயில் தண்ணீரைப் படிப்படியாக இறக்கும் லொக் கதவுகள் வரும் இடமெல்லாம் அதைக் கரையேற்றி, தலைக்கு மேல் தூக்கி நடந்து, அப்பால் இறக்க வேண்டும்.

"சில்லுப் பூட்டி உருட்டலாமே அண்ணை?" என்று கேட்டேன்.

"உருட்டுறதுக்கு இதென்ன பிள்ளை வண்டிலோ?"

முதலில் துவாயைச் சும்மாடாக்கித் தலையில் வைத்தார். காற்று அடித்ததும் வள்ளம் சுழன்றது, அவரும் சுழன்றார். நின்றபோது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று தெரியாமல், விறுவிறுவென்று வந்த வழியே வீட்டுக்கு நடந்துவிட்டார்.

பிறகு இரண்டு துடுப்புகளை உள்ளே நீளவாக்கில் கட்டி, அவற்றின் தட்டைப் பக்கம் தோளில் படும்படி தூக்கினார். தோள் கன்றிப்போனது. அடுத்த ஞாயிறு அவர் மனைவியின் குரல் தெருவுக்கே கேட்டது.

"இஞ்சருங்கோ, சோபாக் குஷன் எங்கை?"

"என்ரை தோளிலை!"

வள்ளத்தின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பாமலிருக்க, அதில் ஒரு கயிறு கட்டிக் கையில் பிடித்துக்கொண்டார். இறக்கும்போது முதலில் தொடைக்கு, பிறகு தரைக்கு. நித்திரையான பிள்ளையைக் கிடத்துவதுபோல.

ஒரு மாரி காலத்து ஞாயிறு. நான் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே சைக்கிளில் வந்த வெள்ளைக்காரப் பெடியன் ஈரத்தில் சறுக்கி, சைக்கிளோடு கால்வாய்க்குள் விழுந்தான். நீந்தத் தெரியவில்லை. கரையோ செங்குத்துச் சுவர்.

"ஆர் கத்துறது?" என்றது வள்ளம்.

"ஒருத்தன் தண்ணிக்கை விழுந்திட்டான் அண்ணை!"

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்! கொஞ்சம் தள்ளி!"

தொடையாவது, தரையாவது! அண்ணை வீசிய வேகத்தில் கரைக் கல்லில் மோதி வெடித்து, வள்ளம் தண்ணீருக்குள் போனது. கயிறு மட்டும் அவர் கையில். பெடியன் கவிழ்ந்த வள்ளத்தைக் கட்டிப்பிடித்தான். இருவருமாக இழுத்து, இரும்பு ஏணியடிக்குக் கொண்டுவந்து ஏற்றினோம். நடுங்கியவனுக்குத் தன் ஜக்கெட்டைப் போர்த்திவிட்டு, அண்ணை வள்ளத்தின் வெடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"இனி இன்னும் பாரம் கூடப்போகுது," என்றார்.

கூடித்தான் விட்டது. ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்றால் விடமாட்டார். "ஒராள் வள்ளத்தை ஒராள்தான் தூக்கோணும். கையை எடு தம்பி."

அதனால் நான் இப்போது முன்னால் நடக்கிறேன். பாதையில் கல்லோ கொப்போ கிடந்தால் காலால் ஒதுக்கிவிடுவேன். அவருக்குச் சொல்வதில்லை.